4294967297 பகா எண்ணா? ஒரே சோதனை இரண்டு விடைகள் தருகிறது

மீதிக்கணக்கு எழுதியது:

வணக்கம். 2³² + 1, அதாவது 4294967297 என்ற எண்ணோடு இரண்டு நாள்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ப என்பது ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், 2-இன் (ப − 1)-ஆவது அடுக்கை ப-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரவேண்டும் என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றம். இதை வைத்து ஒரு சிறிய நிரல் எழுதினேன். இந்த எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் 2³² என்பதால், 2-ஐ எடுத்துக்கொண்டு 32 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

சாதாரண 64 பிட் மாறிகளில் ஓட்டியபோது கடைசி மீதி 0 என்று வந்தது. எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் கையாளும் நூலகம் ஒன்றைச் சேர்த்து அதே நிரலை ஓட்டியபோது மீதி 1 என்று வந்தது. முதல் விடையை நம்பினால் இது பகு எண். இரண்டாவதை நம்பினால் பகா எண்ணாக இருக்கவேண்டும். என்னிடம் உள்ள ஒரு பழைய பாடநூலிலோ, இந்த எண் 641-ஆல் வகுபடும் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். வகுத்துப் பார்த்தேன், 641 × 6700417 என்று மீதியின்றி வருகிறது. அப்படியானால் முதலில் ஓட்டிய நிரல்தான் சரியா? நூலகத்தில்தான் பிழையா?

இருமக்காரர் எழுதியது:

நேர்மாறாக நடந்திருக்கிறது. நூலகம் தந்த 1 சரியான மீதி. உங்கள் முதல் நிரல் தந்த 0 பிழையான மீதி. பிழையான வழியில் போய்ச் சரியான முடிவில் இறங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் வர்க்கங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 2, 4, 16, 256, 65536, 4294967296. ஐந்தாவது வர்க்கத்தில் 2³² வந்துவிடுகிறது. அது வகுக்கும் எண்ணைவிட ஒன்றுதான் குறைவு என்பதால் மீதியாக அப்படியே நிற்கிறது. அடுத்து அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴. குறியற்ற 64 பிட் மாறியில் அடங்கும் மிகப் பெரிய எண் 2⁶⁴ − 1. வெறும் ஒன்றால் வழிந்து, 64 பிட்டும் பூச்சியமாகிவிடுகிறது. பூச்சியத்தை எத்தனை முறை வர்க்கப்படுத்தினாலும் பூச்சியம்தான். ஒற்றைப்படை எண் ஒன்று 2-இன் அடுக்கை மீதியின்றி வகுக்கவே முடியாது என்பதால், அந்த 0-ஐப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

இதே நிரலில் 4294967291 என்ற பகா எண்ணைக் கொடுத்துப் பாருங்கள், சரியாகவே ஓடும். மீதிகள் 2³²-க்குக் கீழே இருக்கும்வரை அவற்றின் பெருக்கல் 64 பிட்டுக்குள் அடங்கிவிடும். அந்த எல்லையைத் தாண்டிய முதல் ஒற்றைப்படை எண்ணே நீங்கள் எடுத்துக்கொண்ட எண்தான். 32 பிட் மாறியில் வைத்திருந்தால் இன்னும் வேடிக்கை: அந்த எண்ணே 1 ஆகச் சுருங்கியிருக்கும்.

மீதிக்கணக்கு எழுதியது:

நன்றி, வழிதல் புரிகிறது. ஆனால் சிக்கல் இப்போது பெரிதாகிவிட்டது. சரியான மீதி 1 என்றால் சோதனையில் தேறிவிட்டது. ஆனாலும் அது பகு எண். எப்படி?

பழைய வாத்தியார் எழுதியது:

தம்பி, தேற்றம் ஒருவழிப் பாதை. பகா எண்ணாக இருந்தால் மீதி 1 வரும் என்றுதான் அது சொல்கிறது. மீதி 1 வந்தால் பகா எண் என்று சொல்லவில்லை. பகு எண்ணாக இருந்தும் இந்தச் சோதனையில் தேறிவிடும் எண்களுக்குப் போலிப் பகா எண்கள் என்று பெயர்.

உங்கள் எண்ணின் விஷயத்தில் இது தற்செயலும் அல்ல. ஐந்தாவது வர்க்கத்தில் மீதி 2³², அதாவது −1 (வகுக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான மீதியை −1 என்று எழுதிக்கொள்ளலாம்). ஆறாவது வர்க்கத்தில் அது 1 ஆகிறது. மீதமுள்ள 26 வர்க்கங்களில் நிரல் சும்மா 1-ஐ 1-ஆல் பெருக்கிக்கொண்டிருக்கிறது. இந்த எண்ணுக்குள் என்ன காரணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை 1 என்றுதான் வரும். 2-இன் அடுக்கு ஒன்றையே மீண்டும் 2-க்கு அடுக்காக வைத்து, அதோடு 1 கூட்டிப் பெறும் எண்களான 3, 5, 17, 257, 65537, 4294967297 ஆகிய இந்த வரிசை முழுவதற்குமே இந்த நியாயம் பொருந்தும். 3-இலிருந்து எண்ணத் தொடங்கி, அதைப் பூச்சியமாவது ஃபெர்மா எண் என்றும், உங்கள் எண்ணை ஐந்தாவது ஃபெர்மா எண் என்றும் சொல்வது மரபு. 2-ஐ அடியாகக் கொண்ட சோதனை இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை கண் தெரியாத காவலாளி.

1640-இல் ஃபெர்மா இந்த வரிசை முழுவதும் பகா எண்களே என்று தாம் நம்புவதாகக் கடிதங்களில் எழுதினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். முதல் ஐந்தும் பகா எண்கள்தான். 1729 டிசம்பரில் கோல்ட்பாக் இதை ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவர, 1732-இல் ஆய்லர் 641-ஐ எடுத்து வைத்தார். இதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. அதே 1640-இல், 2³⁷ − 1 என்ற எண்ணின் பகாக் காரணிகள் 74-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்ற வழியில் போய் 223-ஐக் கண்டுபிடித்தவர் ஃபெர்மா. அதே கத்தியை இங்கே எடுத்திருந்தால் ஐந்தாறு வகுத்தல்களில் வேலை முடிந்திருக்கும். எடுத்து, எங்கோ ஒரு கழித்தலில் தவறியிருப்பார் என்பது என் ஊகம். வேறு விதமாக எனக்கு விளங்கவில்லை.

641 வகுக்கிறது என்பதைச் சரிபார்க்கப் பத்து இலக்க எண்ணைத் தொடவே வேண்டாம். 2¹⁶ = 65536. அதை 641-ஆல் வகுத்தால் 102 முறை போக மீதி 154. 154-இன் வர்க்கம் 23716. 641-ஐ 37-ஆல் பெருக்கினால் 23717. ஆகவே 2³² என்பது 641-இன் ஏதோ ஒரு மடங்குக்கு ஒன்று குறைவாக நிற்கிறது. அந்த ஒன்றைக் கூட்டினால் மீதியின்றி வகுபடும்.

மீதிக்கணக்கு எழுதியது:

ஐயா, இவ்வளவு சுருக்கமாக முடியும் என்று நினைக்கவில்லை. ஆனால் இதில் 641 எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப்போக வைத்தது எது? சரிபார்ப்பது எளிது என்பதும் கண்டுபிடிப்பது எளிது என்பதும் வேறு வேறு அல்லவா?

கவராயம் எழுதியது:

641-க்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த எண்ணை இரண்டு விதமாக எழுதிப் பாருங்கள்: 641 = 5 × 2⁷ + 1; 641 = 5⁴ + 2⁴. முதல் வடிவத்தின்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ தரும் மீதி −1. இரு பக்கமும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று எழுதலாம். எழுதினால் −2³² தரும் மீதி 1. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும். ஒரு வகுத்தல்கூடச் செய்யவில்லை. 641 ஏன் என்ற கேள்விக்கு இதைவிட அழகான விடை கிடையாது என்பேன்.

பழைய வாத்தியார் எழுதியது:

அழகு என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை, விடை என்பதில்தான் இருக்கிறது. 641-ஐக் கையில் வைத்துக்கொண்டவருக்குத்தான் அதை 5⁴ + 2⁴ என்று உடைக்கத் தோன்றும். கையில் இல்லாதவருக்கு இது வழி காட்டாது. தம்பி கேட்டது தேடும் வழி.

வழி இதுதான். ப என்ற பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ப-ஆல் வகுக்கும்போது 2³² தரும் மீதி −1, 2⁶⁴ தரும் மீதி 1. 2-இன் அடுக்குகள் தரும் மீதிகள் ஒரு வட்டமாகச் சுற்றி வருபவை. 64 படிகளில் 1-க்கு வந்துவிடுகின்றன, 32 படிகளில் வரவில்லை. ஆகவே வட்டத்தின் நீளம் சரியாக 64. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி ப − 1 படிகளிலும் 1-க்கு வந்தாகவேண்டும். எனவே ப − 1 என்பது 64-இன் மடங்கு. அதாவது, காரணி என்று ஒன்று இருந்தால் அது 64க + 1 (க ஒரு முழு எண்) என்ற வடிவில்தான் இருக்கும். இனி 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று படியேறுங்கள். இவற்றில் பகு எண்களை அடித்துவிட்டால் எஞ்சுபவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் கதவு திறந்துவிடுகிறது.

இருமக்காரர் எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதை இன்னும் ஒரு சுற்று இறுக்கலாம். 1878-இல் லூக்கா, 64-க்குப் பதில் 128 என்றே வைத்துக்கொள்ளலாம் என்று காட்டினார். அதன் நிரூபணத்தை எண்களாகவே கண்ணால் பார்த்துவிடலாம். 256 × 65535 = 16776960. இந்த எண்ணை வர்க்கப்படுத்தி 4294967297-ஆல் வகுத்தால் மீதி 2 என்று வரும். ஏன் என்றால், 2⁸-இன் வர்க்கம் 2¹⁶. 2¹⁶ − 1-இன் வர்க்கம் 2³² + 1 − 2 × 2¹⁶, அதில் முதல் இரண்டு உறுப்புகளும் சேர்ந்து நம் எண்ணாகவே இருப்பதால் மீதிக் கணக்கில் மறைந்துவிடுகின்றன. எஞ்சியவற்றைப் பெருக்கினால் −2 × 2³², அதாவது 2. ஆக, 2 என்பதே இங்கே வேறொரு எண்ணின் வர்க்கம். 2-இன் வட்டம் 64 படி என்றால் அதன் வர்க்கமூலத்தின் வட்டம் 128 படி. பகாக் காரணிகள் அனைத்தும் 128க + 1 என்ற வடிவில் வந்தாகவேண்டும்.

இந்தச் சல்லடையில் 193, 449, 577 மூன்றும் உதிர்ந்துவிடுகின்றன. 257-ஐ அடுத்து நேராக 641.

சிறுவயதிலேயே மனக்கணக்கில் பெயர் பெற்ற ஜீரா கோல்பர்ன் (பிறப்பு 1804), லண்டனில் இந்த எண்ணைக் கொடுத்ததும் 641 என்று சொன்னதாக ஒரு பதிவு உண்டு. முன்பு அதை மாயமாக நினைத்தேன். இரண்டே இரண்டு பகா எண்களை முயன்றால் போதும் என்று தெரிந்தபிறகு மாயம் கொஞ்சம் குறைந்துவிட்டது; ஆனால் அந்தச் சிறுவனுக்கு லூக்காவின் விதி தெரிந்திருக்க வழியே இல்லை என்பதையும் சொல்லவேண்டும்.

கவராயம் எழுதியது:

257-ஐக்கூட முயலவேண்டியதில்லை. 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295. நம் எண் அதைவிட 2 கூடுதல். ஆகவே அந்த ஐந்தில் எதனால் வகுத்தாலும் மீதி 2 வரும். எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் பொதுக் காரணி கிடையாது என்று 1730-இல் கோல்ட்பாக் காட்டியதும் இப்படித்தான்.

அந்த 4294967295-ஐப் பற்றி ஒரு சொல். கவராயமும் நேர்கோலும் மட்டும் கொண்டு 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பலகோணத்தை வரையலாம் என்று காஸ் 1796-இல் கண்டார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்கும்போது மட்டுமே வரைய முடியும் என்பது 1837-இல் வான்ட்செல் கட்டுரைக்குப் பிறகு முழுமையாக உறுதியானது. நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் அந்த ஐந்துதான். ஆகவே வரைய முடியும் என்று தெரிந்த பலகோணங்களில் ஒற்றைப்படைப் பக்கங்கள் மிகுதியாகக் கொண்டது 4294967295 பக்கப் பலகோணம். 641 குறுக்கே வராமல் இருந்திருந்தால் 4294967297 பக்கங்களும் சாத்தியமாகியிருக்கும். வரைந்து பார்த்தால் வட்டத்துக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது என்பது வேறு விஷயம்.

வாத்தியார் ஐயாவுக்கு 5⁴ + 2⁴ பிடிக்கவில்லை என்பதால் வேறொரு சான்று தருகிறேன். 4294967297 = 65536² + 1². இதையே 62264² + 20449² என்றும் எழுதலாம்: 3876805696 + 418161601. 4-ஆல் வகுத்தால் 1 மீதி தரும் பகா எண் ஒவ்வொன்றையும் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். இங்கே இரண்டு விதம் இருப்பதால் இது பகு எண் என்பது உறுதி. காரணியையும் அதிலிருந்தே கறந்துவிடலாம். 65536 − 62264 = 3272; 20449 − 1 = 20448; இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 8. 65536 + 62264 = 127800; 20449 + 1 = 20450; இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 50. இரண்டையும் பாதியாக்கினால் 4, 25. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 16 + 625 = 641.

மீதிக்கணக்கு எழுதியது:

கடைசி வரியை வாசித்தபோது ஒரு கணம் பேச்சு வரவில்லை. நானும் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். 641 = 25² + 4², 6700417 = 2556² + 409². இந்த நான்கு எண்களைக் குறுக்கே பெருக்கினால் 25 × 2556 = 63900, 4 × 409 = 1636; கூட்டினால் 65536, கழித்தால் 62264. 25 × 409 = 10225, 4 × 2556 = 10224; கழித்தால் 1, கூட்டினால் 20449. இரண்டு பெருக்கல்களும் ஒன்றே ஒன்றால் மயிரிழையில் வேறுபடுவதுதான் 2³²-க்குப் பக்கத்தில் அந்த 1 வந்து ஒட்டிக்கொள்ளக் காரணம் என்று தோன்றுகிறது.

ஆனால் கவராயம் அவர்களே, 62264 உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?

கவராயம் எழுதியது:

பிடித்துவிட்டீர்கள். 641-ஐ வைத்துத்தான் பெற்றேன். தெரியாமல் தேடியிருந்தால் ஒற்றைப்படை எண்களை 3, 5, 7 என்று ஒவ்வொன்றாக வர்க்கப்படுத்திக் கழித்து 20449 வரை வந்திருக்கவேண்டும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முயற்சிகள். வாத்தியார் ஐயாவின் குற்றச்சாட்டு இதற்கும் பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன்.

மீதிக்கணக்கு எழுதியது:

அடுத்த சந்தேகம். 6700417 பகா எண்தானா என்று பார்க்க உட்கார்ந்தேன். அதன் வர்க்கமூலம் 2588-க்கும் 2589-க்கும் இடையே வருகிறது. சாதாரணமாக என்றால் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்க்கவேண்டும். அதன் காரணி எதுவும் 4294967297-இன் காரணியும் ஆகும் என்பதால், 128க + 1 வடிவம் இங்கேயும் செல்லும். 2588 வரை அந்த வடிவில் 20 எண்கள். அவற்றில் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 என்ற ஐந்தே ஐந்து. 257-ஐக் கவராயம் நீக்கிவிட்டார். 641-ஆல் வகுத்தால் மீதி 44. 769-ஆல் 120. 1153-ஆல் 334. ஆனால் 1409 × 4755 = 6700417 என்று சரியாக வருகிறதே! அப்படியானால் 6700417-உம் உடைந்துவிடுமா?

பழைய வாத்தியார் எழுதியது:

9-ஐ 5-ஆல் பெருக்கினால் கடைசி இலக்கம் 5 வரும் தம்பி. உங்கள் எண் 7-இல் முடிகிறது.

மீதிக்கணக்கு எழுதியது:

மன்னிக்கவும். 1409 × 4755 = 6699795; மீதி 622. இரவு பதினொன்றரைக்குப் பிறகு தாளில் வகுத்தல் போடக்கூடாது. ஆக 6700417 பகா எண். நம் எண்ணுக்கு இந்த இரண்டைத் தவிர வேறு பகாக் காரணி இல்லை. வகுத்திகள் 1, 641, 6700417, அந்த எண்ணே என நான்கு. அவற்றின் கூடுதல் 4301668356. 4294967297-க்குக் கீழே அதோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் 640 × 6700416 = 4288266240.

இருமக்காரர் எழுதியது:

முதல் கேள்விக்கு ஒரு பின்குறிப்பு. 2-ஐ அடியாகக் கொண்ட சோதனை குருடு என்றால், அடியை மாற்றிப் பாருங்கள். 1877-இல் பெப்பின் சொன்ன சோதனை இந்தக் குடும்பத்துக்கென்றே தைத்த சட்டை. 3-ஐ எடுத்து, நம் எண்ணுக்கு 31 முறை வர்க்கப்படுத்துங்கள். மீதி −1 வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். இது இருவழிப் பாதை. நீண்ட எண் நூலகத்தில் ஓட்டினேன். 31-ஆவது வர்க்கத்தில் மீதி 10324303 என்று வந்தது. −1 என்றால் 4294967296 வந்திருக்கவேண்டும். இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் 3029026160; ஃபெர்மாவின் சிறு தேற்றம் கேட்கும் 1 அது அல்ல. அடியை 2-க்குப் பதில் 3 என்று ஒரே ஓர் எழுத்து மாற்றியிருந்தால் உங்கள் நிரல் முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்கும்.

இந்தச் சோதனை காரணி எதையும் காட்டாமலே பகு எண் என்று தீர்ப்புச் சொல்லிவிடும். ஆறாவது ஃபெர்மா எண்ணான 2⁶⁴ + 1-க்குக் காரணிகள் 274177, 67280421310721 என்று 1855-இல் கிளாவுசன் கண்டுவிட்டார். பதினொன்றாவது வரை முழுமையாகக் காரணிப்படுத்தியாகிவிட்டது. ஆனால் இருபதாவதும் இருபத்துநான்காவதும் பகு எண்கள் என்று உறுதியாகத் தெரிந்தும், அவற்றின் ஒரு காரணிகூட இன்னும் அகப்படவில்லை. முப்பத்துமூன்றாவது எண் பகாவா பகுவா என்பதே இன்னும் தீர்மானமாகவில்லை. அதற்கு முன்னால் ஐந்திலிருந்து முப்பத்திரண்டு வரை அத்தனையும் பகு எண்கள்.

பழைய வாத்தியார் எழுதியது:

காரணியின்றித் தீர்ப்புக் கிடைப்பதைப் பல மாணவர்கள் ஏற்றுக்கொள்ளவே மாட்டார்கள். எது வகுக்கிறது என்று காட்டாமல் வகுபடும் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள். மீதி −1 வராதது என்பது, பகா எண் கட்டாயம் காட்டவேண்டிய ஒரு நடத்தையை இந்த எண் காட்டவில்லை என்பதற்கான சான்று, அவ்வளவு போதும்.

தசமப்புள்ளி எழுதியது:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வாத்தியார் ஐயா எழுதிய 154 என்ற எண்ணைப் பார்த்ததும் ஒன்று உறுத்தியது. நான் சுழல் தசமங்களைத் தொகுத்து வைப்பவள். 1-ஐ 641-ஆல் வகுத்தால் 32 இலக்கங்கள் சுழன்று சுழன்று வரும்: 0015600624024960 9984399375975039. முதல் 16 இலக்கங்களுக்குக் கீழே அடுத்த 16-ஐ எழுதினால், மேலும் கீழும் உள்ள ஒவ்வோர் இணையும் 9 தருகிறது. இந்த வகுத்தலில் எட்டாவது இலக்கம் எழுதிய கையோடு நிற்கும் மீதியைப் பாருங்கள். அதுவும் 154. அதாவது 10⁸-ஐ 641-ஆல் வகுத்தாலும் 154, 2¹⁶-ஐ வகுத்தாலும் 154. இது தற்செயலா?

மீதிக்கணக்கு எழுதியது:

சரிபார்த்தேன், உண்மைதான். 10⁴ தரும் மீதி 385; 385-இன் வர்க்கம் 148225; அதில் 641 × 231 = 148071 போக 154. அப்படியானால் 10¹⁶ தரும் மீதியும் −1 ஆகிவிடும். 641 என்பது 10¹⁶ + 1-ஐயும் வகுக்கவேண்டும். வகுத்தும் பார்த்தேன்: 10000000000000001 = 641 × 15600624024961. உங்கள் தசம விரிவின் முதல் பாதியோடு 1 கூட்டினால் அதே ஈவு.

பழைய வாத்தியார் எழுதியது:

தற்செயல் அல்ல, தசமப்புள்ளி அம்மா. 10⁸ என்பது 5⁸ × 2⁸. 2¹⁶ என்பது 2⁸ × 2⁸. இரண்டும் ஒரே மீதியைத் தரவேண்டுமானால் 5⁸-உம் 2⁸-உம் ஒரே மீதியைத் தரவேண்டும். கவராயம் எழுதிய 641 = 5⁴ + 2⁴ என்ற வடிவத்தின்படி 5⁴ தரும் மீதி −2⁴; வர்க்கப்படுத்தினால் 5⁸ தரும் மீதி 2⁸. கையில் காரணி இல்லாதவருக்கு அந்த வடிவம் உதவாது என்று நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் கையில் வந்தபிறகு அது இன்னோர் எண்ணின் பூட்டையும் திறக்கிறது என்பதை நான் கவனிக்கவில்லை.

கவராயம் எழுதியது:

ஐயா சொன்னதையே முழுவதும் விரித்துவிடுகிறேன். 10⁸ − 2¹⁶ = 99934464 = 2⁸ × (5⁴ − 2⁴) × (5⁴ + 2⁴) = 256 × 609 × 641. 609 = 3 × 7 × 29. எனவே 3, 7, 29, 641 ஆகிய நான்கு ஒற்றைப்படைப் பகா எண்களால் வகுக்கும்போது மட்டும் 10⁸-உம் 2¹⁶-உம் ஒத்துப்போகும். அந்த நான்கில் மீதியின் வர்க்கம் −1 ஆவது 641-இல் மட்டும்தான்.

மீதிக்கணக்கு எழுதியது:

10¹⁶ + 1-இன் முழுக் காரணிகளையும் நூலகத்தில் கேட்டேன்: 353 × 449 × 641 × 1409 × 69857. அந்த 1409 இங்கே உண்மையாகவே இருக்கிறது. நேற்று அது தவறான எண்ணின் வாசலில் வந்து நின்றிருக்கிறது.